குளியல் தண்ணீர் குடித்த பைன்

மியோ பள்ளிக்கூடத்திலிருந்து கழுவக் கொண்டுவந்த வெள்ளைத் துணிக் காலணிகளின் முனையில் செய்தித்தாள் உருண்டைகள் இருந்தன. வகுப்பறைக்குள் மட்டும் போடுகிற காலணிகள் அவை. வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும், தமாகியின் கையில் தேய்பட்டுக் கொடியில் காயும், திங்கட்கிழமை திரும்பப் போகும். தமாகி உருண்டையை வெளியே எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"இது எதுக்குடி?"

"கழண்டு கழண்டு போகுதும்மா. ஓடினா அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"போன மாசம் கடிக்குதுன்னு அழுதியே."

"இப்ப கடிக்கல," என்றாள் மியோ. அவளுக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

எலாஸ்டிக் தொய்ந்திருக்கும் என்று தமாகி இழுத்துப் பார்த்தாள். எலாஸ்டிக் நன்றாகத்தான் இருந்தது. சரி, புதுசு வாங்குகிற செலவு கொஞ்சம் தள்ளிப்போகிறது என்று அவள் மனசில் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. பின்னாளில் அந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் பேருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவர்கள் ஊரான கினாஷியைச் சுற்றியிருந்த குளங்களெல்லாம் வெடித்துக் கிடந்தன. குழாயில் காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர். உடோன் கடைகளே நூடுல்ஸ் வேகவைக்க வழியில்லாமல் பாதி நாள் மூடிக் கிடந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். போன்சாய் வளர்க்கிறவன் வீட்டில் அந்தச் சமாளிப்பெல்லாம் நடக்காது. கையகலத் தொட்டியில் ஒரு பிடி மண்ணை நம்பி நிற்கிற மரம், வெயில் நாளில் ஒரு வேளை தண்ணீர் தவறினால் மறுநாள் விறகுதான்.

தமாகியின் புருஷன் ஷிகேருவின் தோட்டத்தில் இருந்த மரங்களில் பாதி அவனுடையவை அல்ல. வெளியூர்ப் பணக்காரர்கள் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டுப் போனவை. பின்வாசல் பலகைமேல் நின்ற கரும்பைன் மரமும் அப்படி வந்ததுதான். அதன் சொந்தக்காரர் செத்துப்போனார், பிள்ளைகள் யாரும் கேட்டு வரவில்லை. ஷிகேரு அதற்கு அனாதை என்று பேர் வைத்திருந்தான். அந்தக் கோடையின் தொடக்கத்தில் அதன் ஊசியிலைகள் மஞ்சள் தட்டி, இன்றோ நாளையோ என்று இருந்தது.

குளியல் தண்ணீரை விடலாம் என்ற யோசனை தமாகியுடையது. உடம்பைத் தேய்த்துக் கழுவுவதெல்லாம் தொட்டிக்கு வெளியே முடித்துவிட்டுத்தான் வெந்நீருக்குள் இறங்குவது. அதே வெந்நீரில் ஒருவர் பின் ஒருவராக வீடே உட்கார்ந்து எழுந்திருக்கும். மறுநாள் அந்தத் தண்ணீரைச் சின்ன மோட்டார் போட்டு இறைத்துத் துணி துவைப்பார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

"துணிக்குப் போற தண்ணி மரத்துக்குப் போகட்டுமே. சோப்பு ஒரு பொட்டு கெடையாது," என்றாள்.

ஷிகேரு தலையைச் சொறிந்தான். "எங்கப்பா இருந்தா வெளக்குமாத்தால அடிப்பாரு. நம்ம உக்காந்த தண்ணியையா மரத்துக்கு ஊத்துவாங்க?"

"மாமா இருந்தப்ப மழையும் இருந்துச்சு. எந்திரிச்சு அந்த ஹோஸை எடுத்துக் குடுங்க."

குளியல் தொட்டிக்குள் மோட்டாரை இறக்கி, அதில் மாட்டிய தோட்டத்து ஹோஸை ஜன்னல் வழியாக வெளியே விட்டாள். ஹோஸின் நடுவில் ஒரு பித்தளை மூக்கு. அதிலிருந்து தொங்குகிற ஒல்லிக் குழாயை உரவாளிக்குள் போட்டுவிட்டால், தண்ணீர் ஓடுகிற வேகத்தில் அதுவாகவே உரத்தை உறிஞ்சிக் கலந்துகொள்ளும். உரம் என்பது கடுகுப் புண்ணாக்கை ஊறப்போட்டு மாதக்கணக்கில் மூடிவைத்த கறுப்புச் சாறு. மூடியைத் திறந்தால் அடுத்த தெரு நாய் குரைக்கும். பைன் மரங்களுக்கு அதை வசந்தம் தொடங்கிக் கோடையில் குருத்து வெட்டுகிற நாள்வரை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாகக் கொழுத்த மரத்தில்தான் வெட்டு. அந்த வருஷத்துக் குருத்தை ஒரே நாளில், ஒன்று விடாமல் அடியோடு எடுத்துவிட்டால், அப்புறம் வருவதெல்லாம் குட்டையாக, பார்க்க அழகாக வரும். நோஞ்சான் மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டுவிடுவார்கள்.

கொஞ்ச நாளிலேயே அனாதை தேறிவிட்டது. மற்ற மரங்கள் பிழைத்தன, அவ்வளவுதான். அனாதை மட்டும் செழித்தது. குருத்துகள் வெளுப்பாக, கொழுகொழுவென்று மேலே நீண்டன. பக்கத்துத் தோட்டத்து ஹிசயோ வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

"ஏன் தமாகி, எங்க மரமெல்லாம் பஞ்சத்துல அடிபட்டு நிக்குது, உன் வீட்டு அனாதைக்கு மட்டும் தொப்பை விழுந்திருக்கு. சோறு ஊட்டறியா?"

"குளிச்ச தண்ணிதான்க்கா."

"யாரு குளிச்சது? சொல்லு, என் வீட்டுக்காரரையும் முக்கி எடுக்கறேன். சும்மாதானே உக்காந்திருக்காரு."

தமாகி சிரித்தாள். ஹிசயோ போன பிறகு மரத்தின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தாள். செதில் செதிலான பட்டைகளுக்கு நடுவே புதிதாக வழவழவென்று ஒரு தோல் தெரிந்தது. நிழலில் நின்ற மரம்தான், ஆனால் அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. புண்ணாக்கு நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாசனை லேசாக வந்தது. எங்கேயோ முகர்ந்த வாசனை என்று மட்டும் தோன்றியது. அன்று மாலை மியோவின் தலையைத் துவட்டும்போது, அவள் உச்சந்தலையில் அந்த வாசனை இருந்தது.

கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. தமாகி பெட்டியிலிருந்து மியோவின் யுகாதாவை, கோடையில் உடுத்துகிற பருத்தி அங்கியை, எடுத்தாள். பிள்ளைகளின் யுகாதாவில் தோளுக்கு ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்திருப்பார்கள். பிள்ளை வளர வளர வருஷாவருஷம் அந்த மடிப்பைப் பிரித்து விடுவது அம்மாவின் வேலை. எவ்வளவு பிரிக்கலாம் என்று பார்க்க மியோவுக்குப் போட்டுவிட்டாள். கை விரல்கள் வெளியே வரவில்லை. கீழ் ஓரம் தரையில் புரண்டது. மியோ கைகளை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

தமாகி மடிப்பைப் பிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

"போன வருஷம் நீ நெறையப் பிரிச்சிருப்பே," என்றான் ஷிகேரு, செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"பெத்த பிள்ளையோட அளவு எனக்குத் தெரியாதா?"

"வெயில்ல வாடியிருப்பா. எல்லாரும்தான் வாடிக் கெடக்கறோம்."

மியோவுக்குக் கீழ்ப்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. விழுந்ததும் கூரைமேல் வீச வேண்டும் என்று அவள் ஆசையாகக் காத்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதெல்லாம் நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டுவாள். இரண்டு நாளாகக் காட்டவில்லையே என்று தமாகி வாயைத் திறக்கச் சொல்லி விரலை வைத்துப் பார்த்தாள். பல் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"எங்கடி ஆட்டம்?"

"போயிடுச்சும்மா," என்றாள் மியோ.

அன்று சாயங்காலம் பின்வாசல் மரங்களுக்கு உரத்தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். சிள்வண்டுகள் கத்திக் கத்தி ஓய்கிற நேரம். பகலெல்லாம் காய்ந்த பலகைகளிலிருந்து சூடு எழுந்து முகத்தில் அடித்தது, ஈர மண் வாடையும் புண்ணாக்கு வாடையும் கலந்து தொண்டையில் நின்றன. அனாதையின் வேர் மண்ணுக்குள் இறங்குகிற மூலையில், பட்டைக்குள்ளிருந்து வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. சோற்றுப் பருக்கை என்று நினைத்து நகத்தால் தட்டினாள். விழவில்லை. கெட்டியாக இருந்தது. விரலை வைத்து அழுத்தினாள்.

அது ஆடியது.

ஹோஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினாள். திரும்பி வந்தபோது ஹோஸ் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதன் வாய் அனாதையின் தொட்டிமேல் போய்க் கிடந்தது. அங்கே அதைப் போட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. ஒல்லிக் குழாய்க்குள் கறுப்புச் சாறு விட்டு விட்டு ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள், குளியலறையில், ஒரு சத்தம். உடோன் கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சாற்றை உறிஞ்சுகிற சத்தம். எட்டிப் பார்த்தாள். மோட்டார் அசையவில்லை. தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஹோஸைப் பிடுங்கி எறிந்தாள்.

மறுநாள் அனாதைக்குக் குழாய்த் தண்ணீர் மட்டும்தான் கொடுத்தாள். உரமும் இல்லை, குளியல் தண்ணீரும் இல்லை. நடுப்பகலில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. மியோ சோர்ந்து விழுந்துவிட்டாளாம். வெயில்தான் என்றார் டாக்டர். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மியோ குவளை குவளையாகக் குடித்தாள். உதடு வெடித்தபடியே இருந்தது. கிள்ளினால் தோல் மடங்கியபடியே நின்றது. கண் பாதி மூடிக் கிடந்தது. தமாகி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். அனாதையின் ஊசிகளெல்லாம் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் குளியலறைக்கு ஓடினாள். தன் கையாலேயே மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கினாள். வெளியே வந்து ஹோஸை அனாதையின் மண்ணில் பிடித்தாள். மண் குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. அடியில் ஒரு சொட்டுக்கூட வடியவில்லை.

உள்ளேயிருந்து மியோ கூப்பிட்டாள். "அம்மா, பசிக்குது."

அதற்குப் பிறகு தமாகிக்குத் தூக்கம் போய்விட்டது. நிறுத்தினால் மகள் போய்விடுவாள். ஊட்டினால் மகள் சிறுத்துக்கொண்டே வருவாள். மியோவைத் தொட்டியில் இறக்காமல், தான் மட்டும் இறங்கி, தோல் சுருங்குகிறவரை வெந்நீரில் உட்கார்ந்து பார்த்தாள். என்னை எடுத்துக்கோ, என்னை எடுத்துக்கோ என்று வாய்விட்டே சொன்னாள். அந்தத் தண்ணீரை விட்டபோது மரம் சீண்டவில்லை. எல்லாம் அப்படியே அடியில் வடிந்து போனது. மியோவின் கண் மறுபடி சொருகியது. வேறு வழியில்லாமல் மகளை இறக்கினாள். உரத்தைக் கூட்டினால் மகளிடமிருந்து எடுப்பது குறையும் என்று ஒரு கணக்குப் போட்டு, வாளியில் புண்ணாக்குச் சாற்றைக் கெட்டியாக ஊற்றினாள். கொஞ்சம் பலித்த மாதிரி இருந்தது. மியோவின் சட்டைக் கை அவளுக்கு அதற்குமேல் நீளமாகவில்லை. மரம் மட்டும் நாளுக்கு நாள் பெருத்தது.

ஒரு நாள் ஷிகேரு அந்தப் பக்கமாகப் போகிற போக்கில் அனாதையிலிருந்து ஒரு பிடி பழைய ஊசிகளைப் பிடுங்கிப் போட்டான். தொழில்காரன் கை, சும்மா இருக்காது. மறுநாள் காலை மியோவின் தலையணையில் கொத்தாக முடி கிடந்தது.

தமாகி அவனைத் தேடிக்கொண்டு ஓடினாள். அவன் கொட்டகையில் கத்தரிகளைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான்.

"பின்வாசல் மரத்தை இந்த வருஷம் தொடாதீங்க."

"ஏன்?"

"மியோவுக்கும் அதுக்கும்..." என்று ஆரம்பித்தாள். "அதுக்கு ஒன்னு பண்ணினா இவளுக்கு ஆகுது. நான் பாத்தேங்க. பல்லு..."

ஷிகேரு ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தான். அவன் முகத்தில் நிஜமான கவலை இருந்தது. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. டாக்டரைக் கூப்பிடுவான், அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவான், தான் இல்லாத வீட்டில் மியோவும் மரமும் கத்தரியும் இருக்கும். அதனால் அவனுக்குப் புரிகிற பாஷையில் ஒரு பொய் சொன்னாள்.

"அது நோஞ்சானா இருக்கு. வெட்டினா தாங்காது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"நோஞ்சானா? சரி, பாக்கறேன். நீ போய்க் கொஞ்சம் படு."

பார்க்கிறேன் என்றதை அவள் தொட மாட்டேன் என்று எடுத்துக்கொண்டாள். பல நாளுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

சாயங்காலம் தமாகி மியோவின் பக்கத்தில் படுத்தாள். கொசுவுக்காகத் தோட்டத்துப் பக்கக் காகிதக் கதவைச் சாத்தி, அறையில் விளக்கைப் போட்டிருந்தாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஹிசயோ வீட்டுப் பக்கமிருந்து மீன் சுடுகிற புகை மிதந்து வந்தது, சிள்வண்டுகள் ஒவ்வொன்றாக அடங்கின, மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி மியோவின் நெற்றி முடியை அசைத்துவிட்டுப் போனது. மியோ போர்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். தமாகி கண்ணை மூடினாள். எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியவில்லை.

டிக்.

கடிகாரம் என்று நினைத்தாள். அந்த அறையில் கடிகாரம் கிடையாது.

டிக்.

மியோ தூக்கத்தில் சிரித்தாள்.

"என்னடி?"

"கூசுதும்மா."

டிக். டிக்.

"எங்க கூசுது?"

"கையில." மறுபடி சிரித்தாள். போர்வைக்குள் எதுவோ அசைந்து நின்றது. "போயிடுச்சு. இப்ப இங்க கூசுது."

டிக்.

அது கத்தரி. தோட்டத்தில். பின்வாசல் பக்கம். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு கோடையும் கேட்ட சத்தம். ஒரே சீராக. நிதானமாக. கைதேர்ந்தவன் வெட்டு.

போர்வையை விலக்கிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. எழுந்தாள். கால் மரத்திருந்தது. விழுந்தாள். எழுந்தாள். கதவைத் தள்ளினாள். மகள் பின்னாலேயே வந்துவிடக் கூடாதென்று மறுபடி சாத்தினாள். செருப்பில்லை. சரளைக்கல் குத்தியது. ஓடினாள். டிக். கூப்பிட்டாள். குரல் வரவில்லை. டிக்.

சத்தம் நின்றது.

ஷிகேரு பலகைக்கு முன்னால் குனிந்து நின்றவன் நிமிர்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"தூங்கினியா? நல்லது. நீ சொன்னேன்னு வந்து பாத்தேன் தமாகி. நோஞ்சான்னியே, இந்தத் தோட்டத்துலயே இதுதான் கொழுத்த மரம். நீ ஊட்டின ஊட்டு அப்படி. விட்டா வடிவம் கெட்டுப் போயிடும்." கத்தரியைத் துடைத்து உறைக்குள் வைத்தான். "ஒன்னு விடாம எடுத்துட்டேன். பாரு. இனிமே குட்டிக் குட்டியா அழகா வரும்."

பலகைக்குக் கீழே விரித்திருந்த துணியில் குருத்துகள் கிடந்தன. வெளுப்பாக, கொழுகொழுவென்று. எல்லாம் ஒரே பக்கமாக லேசாக மடங்கியிருந்தன. வெட்டின இடத்தில் பிசின் இல்லை. தண்ணீர்தான் முத்து முத்தாக நின்றது.

"என்ன அப்படிப் பாக்கறே?" என்றான் ஷிகேரு.

அவளுக்குப் பின்னால், வீட்டுப் பக்கம், காகிதக் கதவில் ஏதோ உரசியது. ஷிகேருவின் கண்கள் அவள் தோளுக்கு மேலே போய் அங்கேயே நின்றுவிட்டன. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது.

"அம்மா," என்றாள் மியோ உள்ளேயிருந்து. அழவில்லை. புரியாத குரல். "கதவு தெறக்க வரலம்மா. பிடிக்க முடியல."

தமாகி திரும்பினாள்.

அறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்ட காகிதத்தில் மகளின் இரண்டு கைகளின் நிழல் பதிந்திருந்தது. மணிக்கட்டு தெரிந்தது, உள்ளங்கை தெரிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. உருண்டையாக, சின்னதாக, அந்த இரண்டும் கதவின் ஓரத்தைத் தேடிக் காகிதத்தின் மேல் மெத்து மெத்தென்று தட்டிக்கொண்டிருந்தன.